விண்மீனும் வாவிமீனும்

தமிழிலே 'மீன்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. நீரிலே நீந்துவதும் மீன். வானிலே ஒளிர்வதும் மீன். நிலவு நாளுக்கொன்றாகக் கடந்து செல்லும் விண்மீன்களை நாண்மீன் என்றும், ஓரிடத்தில் நில்லாது திரியும் கோள்களைக் கோண்மீன் என்றும் நம் முன்னோர் வழங்கினர். சிந்துவெளி முத்திரைகளிற் காணப்படும் மீன் வடிவம் விண்மீனைக் குறித்திருக்கலாம் என்று ஹீராஸ் பாதிரியாரும், அவருக்குப் பின் பின்லாந்து நாட்டு அறிஞர் அஸ்கோ பர்ப்போலாவும் எடுத்துரைத்தமைக்கு இந்த இருபொருட் சொல்லே அடிப்படையாயிற்று. அக்கருத்து முடிந்த முடிபாக ஏற்றுக்கொள்ளப்பட்டதன்று. ஆயினும், வானையும் நீரையும் ஒரே சொல்லாற் பிணைத்து வைத்த மக்கள் இரண்டையும் ஒருங்கே பார்த்து வாழ்ந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு, கடலை ஒட்டி வடக்குத் தெற்காகக் கிடக்கிறது எமது வாவி. பாலமீன்மடுப் பக்கத்தில் ஒரு முகத்துவாரமும், தெற்கே கல்லாற்றுப் பக்கத்தில் ஒரு முகத்துவாரமும் அதனைக் கடலோடு சேர்க்கின்றன. 'மீன்பாடும் தேன்நாடு' என்று எம்மூரைப் பிறர் அழைக்கக் கேட்டிருப்பீர்கள். காற்றடங்கிய நிலாக்கால இரவிலே, தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு அணைத்தால் அந்த இசை கேட்கும் என்பர். நிலவற்ற இரவிலோ காட்சி வேறு. பாலத்து விளக்குகளை விட்டு வாவியின் உட்புறம் சென்றுவிட்டால், மேலேயுள்ள மீன்களெல்லாம் கீழே இறங்கிவிடும். எது வான், எது நீர் என்று கண் மயங்கும்.

நாம் இன்று எழுதப் புகுந்தது ஓர் ஓவியத்தைப் பற்றி. பெயர் பெற்ற கண்காட்சி எதிலும் அது வைக்கப்படவில்லை. எமது பக்கத்து வளவிலே, பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி பிறிஸ்டல் அட்டையிலே தீட்டியது.

அப்பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம் அது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் கெட்டிக்காரி. சித்திரத்திலோ அதனினும் கெட்டிக்காரி. உயர்தரத்தில் எத்துறையைத் தேர்வது என்பது அவ்வீட்டில் நாளாந்த வழக்காயிற்று. தாயார் விஞ்ஞானத்தின் பக்கம். தந்தையார் வாவியில் வலை வீசி வாழ்பவர், அதிகம் பேசாதவர். "வர்ணம் சோறு போடாது" என்ற ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். பள்ளி ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர் என்ற முறையில், எமது தீர்ப்பையும் அவர்கள் எதிர்பார்த்தார்கள். நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. பிள்ளையிடம் கையிலிருந்த படத்தைக் காட்டும்படி கேட்டோம்.

மாணவர் கண்காட்சி ஒன்றுக்காக 'விண்வெளி' என்ற பொருளில் அவள் வரைந்த படம் அது. வளையம் பூண்ட சனிக்கோள், சுருண்டு கிடக்கும் ஒளிமண்டலம், வெள்ளைக் கவசம் அணிந்து மிதக்கும் மனிதன் ஒருவன். கைத்தொலைபேசியிற் கண்ட படங்களைப் பார்த்து எழுதியது. நீலமும் ஊதாவும் குழைந்த அழகு கண்ணைப் பறித்தது. ஆனால் பிள்ளையின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"வடிவாத்தான் இருக்கு சேர். ஆனா இது ஆர் கீறினாலும் இப்பிடித்தானே வரும்?" என்றாள்.

அந்தக் கேள்வி எமக்கு மிகவும் பிடித்திருந்தது. ஓவியக் கலையின் கடினமான கேள்விகளுள் அது ஒன்று. அதற்கு விடை தேடிய மூவரைப் பற்றி அன்று மாலை அவளுக்கு நாம் சொன்னோம். வாசகர்களுக்கும் அதனையே சொல்கிறோம்.

முதல்வர் சோவியத் நாட்டு விண்வெளி வீரர் அலெக்ஸி லியோனோவ். 1965 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18 ஆம் நாள், வொஸ்கோட் 2 என்னும் கலத்திலிருந்து வெளியேறி, மனித வரலாற்றிலே முதன்முறையாக வெட்டவெளியில் மிதந்தவர். பன்னிரண்டு நிமிடம் அவர் வெளியே இருந்தார். அவருடைய கவசம் காற்றூதிய பைபோல் விறைத்துப் பருத்துவிட்டமையால், உட்புகும் வழியில் நுழைவது அரிதாயிற்று. கவசத்துக்குள்ளிருந்த காற்றிற் சிறிது சிறிதாக வெளியேற்றியே உயிர் தப்பினார். அவர் இயல்பிலே ஓவியர். எடையற்ற நிலையில் மிதந்து போகாதவாறு நூலிற் கட்டிய வர்ணப் பென்சில்களைத் தம்மோடு கொண்டு சென்றிருந்தார். கலத்துக்குள் மீண்டபின் அவர் வரைந்த சிறு படமே விண்வெளியில் மனிதன் வரைந்த முதல் ஓவியம். அவர் எதை வரைந்தார்? தொலைவிலுள்ள உடுக்களையா? அல்ல. பூமியின் விளிம்பிலே சூரியன் எழுவதையும், அவ்விளிம்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தின் நிற அடுக்கையும் வரைந்தார். வீட்டை விட்டு எவரும் போகாத தூரம் போனவர், வீட்டின் வாசலையே வரைந்து வந்தார்.

இரண்டாமவர் அமெரிக்கர் அலன் பீன். 1969 ஆம் ஆண்டு நவம்பரில், அப்பலோ 12 பயணத்தில், நிலவில் நடந்த நான்காவது மனிதர். 1981 இல் விண்வெளிப் பணியைத் துறந்து முழுநேர ஓவியரானார். 2018 இல் மறையும்வரை நிலவையே தீட்டினார். நிலவிலே தாம் கையாண்ட சுத்தியலால் ஓவியத்தின் மேற்பரப்பில் தடம் பதித்தார். நிலவுத் தூசி படிந்த தம் உடையின் சின்னத்துணுக்குகளை வர்ணத்திலே கலந்தார். நிலவோ பெரும்பாலும் சாம்பல் நிறம். அவருடைய ஓவியங்களிலோ பொன்னிறமும் ஊதாவும் பசுமையும் உண்டு. நிழற்படக் கருவி கண்டதை அல்ல, அங்கு நின்ற மனிதன் உணர்ந்ததை அவர் எழுதினார்.

மூன்றாமவர் எமக்கு அண்மையவர். விண்ணுக்குப் போகாமலே அண்டத்தைத் தீட்டியவர். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், மண்டலா மாவட்டத்துப் பாபரியா என்னும் சிற்றூரில், 1922 இற் பிறந்த சையத் ஹைதர் ரஸா. காட்டிலாகா அலுவலர் ஒருவரின் மகன். பள்ளியில் மனம் ஓரிடத்தில் நில்லாது அலைந்த அச்சிறுவனுக்கு, ஆசிரியர் ஒருவர் சுவரிலே ஒரு புள்ளியை இட்டு, அதனையே பார்த்துக்கொண்டிருக்கும்படி பணித்தார். காலம் சென்றது. 1947 இல் பம்பாயில் சூசா, ஹுசைன் முதலியோரோடு முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தார். 1950 இல் பாரிஸ் சென்றார். அங்கே பேரும் பரிசும் பெற்றார். ஆனால், எழுபதுகளில் அவருக்குத் தம் ஓவியத்தின்மேலேயே நிறைவின்மை உண்டாயிற்று. எல்லாம் இருக்கிறது, நான் எங்கே என்ற கேள்வி. இந்தியாவுக்கு மீண்டும் மீண்டும் வந்தார். 1980 அளவில், சிறு வயதில் சுவரிற் பார்த்த அந்தப் புள்ளி ஓவியத்தின் நடுவிலே வந்து அமர்ந்தது. அதற்குப் 'பிந்து' என்று பெயரிட்டார். நடுவே பெரிய கருவட்டம். அதிலிருந்து விரியும் நிறங்கள். பார்ப்போர் சிலருக்கு அது கருஞ்சூரியன், சிலருக்கு விதை, சிலருக்கு உலகம் தோன்றுமுன் இருந்த வெளி. வாழ்நாள் முடியும் வரை அதனையே அவர் புதிது புதிதாக எழுதினார். 2010 இன் இறுதியில் தாய்நாடு திரும்பி, 2016 ஜூலை 23 அன்று டில்லியில் காலமானார். அவர் விருப்பப்படி, மண்டலாவில் தந்தையாரின் அடக்கத்தலத்துக்கு அருகில் அவருடைய உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது.

இம்மூவரின் கதையும் ஒன்றே. எத்துணைத் தூரம் பார்த்தாலும், பார்ப்பவன் நிற்கும் இடம் படத்தில் இல்லாவிடின் படம் உயிர் பெறாது. பிள்ளை நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், "எனக்குப் புள்ளி எங்க சேர் இருக்கு?" என்று கேட்டாள். "அதை நாம் சொல்ல முடியாது, அப்பாவோடு ஒரு நாள் தோணியில் போய்ப் பார்" என்றோம்.

வைகாசி அமாவாசை இரவிலே அது நடந்தது. எம்மையும் வரும்படி அவர்கள் அழைத்தமையால் நாமும் சென்றோம். இரவு பத்து மணியளவிலே தோணி கரையை விட்டது. 2013 இல் திறந்துவைக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்தின் விளக்குகள் பின்னே சிறுத்து மறைந்தன. தந்தையார் துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டார். நீர் அசைவற்றிருந்தது.

எம்மூர் நில நடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஆகையால் வட துருவ மீனும் தென் சிலுவையும் ஆகிய இரண்டும் எமக்குத் தெரியும். துருவ மீன் வடக்கே, மரங்களின் தலைக்குச் சற்று மேலே மங்கலாக நின்றது. தென் சிலுவை தெற்கே சாய்ந்திருந்தது. தென்கிழக்கிலே செந்நிறக் கேட்டை. உச்சிக்கு அருகிலே, இளஞ் செம்மஞ்சள் நிறத்திற் சுவாதி. நள்ளிரவு கடந்த பின்னர், வடகிழக்கில் அபிஜித்தும் கிழக்கில் திருவோணமும் நன்றாக மேலெழுந்து நின்றன. தந்தையார் அவற்றைப் பஞ்சாங்கப் பெயராற் சொல்லவில்லை. இன்ன வெள்ளி எழுந்தால் இன்ன நேரம், இன்ன மாதத்தில் இன்ன பக்கம் இறால் என்று சொன்னார். பெயர் சொன்னவர் நாம்; வாழ்ந்து அறிந்தவர் அவர்.

விண்மீனின் ஒளி உடனே எம்மை அடைவதில்லை என்பதை மாணவர் அறிவர். ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்வது. அவ்வேகத்திற் சென்றும், சுவாதியின் ஒளி பூமியை எட்டுவதற்கு 37 ஆண்டுகள் வேண்டும். கேட்டையின் ஒளிக்கு 550 ஆண்டுகள் அளவில் ஆகும். அன்றிரவு நாம் கண்ட கேட்டையின் ஒளி, போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக் கரையை அடையுமுன்னரே புறப்பட்டுவிட்டது. பிள்ளை விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப சுவாதியில இருந்து இந்த வெளிச்சம் வெளிக்கிடேக்க அப்பாக்கு எட்டு, ஒம்பது வயசு?"

"ஓம்" என்றார் தந்தையார். வேறொன்றும் சொல்லவில்லை. எண்பதுகளின் இறுதி ஆண்டுகள் அவை. அதன்பின் வந்தது 1990. அவ்வாண்டில் வந்தாறுமூலை வளாகத்திலும் சத்துருக்கொண்டானிலும் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் நிகழ்ந்தவற்றை இவ்வாவிக் கரையின் தமிழரும் முஸ்லிம்களும் மறந்திலர். அக்காலத்தில் இரவு என்றால் கதவடைத்திருத்தல் என்றே பொருள். வானம் தெளிவாகத்தான் இருந்திருக்கும். அண்ணாந்து பார்ப்பவர்தாம் இல்லை. அன்று எவரும் பாராத இரவுகளிலே சுவாதியிலிருந்து புறப்பட்ட ஒளி, இப்பொழுதுதான் எம் தோணிக்கு வந்து சேர்ந்திருந்தது.

திருவோணம் இன்னும் கிட்டியது. அதன் ஒளிக்கு 17 ஆண்டுகள் போதும். போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டை ஒட்டி அது புறப்பட்டது. அபிஜித்துக்கு 25 ஆண்டுகள். இவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த தந்தையார் எம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், இங்க இருந்து போற வெளிச்சமும் அப்பிடித்தானே போகும்?"

"ஆம். பகலிலே சூரிய ஒளி பட்டுத் தெறிக்கும் எதுவும் அவ்வாறே வெளியிற் செல்லும். மிக மிக மங்கியதாயினும் செல்லும்."

"அப்ப சுனாமி அண்டு காலையில நாவலடியில இருந்து போன வெளிச்சம் இப்ப எங்க?"

வாசகர்களுக்கு நாவலடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டில் அமைந்த மீனவர் குடியிருப்பு அது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். அன்று காலையில் எழுந்த அலை அவ்வூரை வாரிக்கொண்டு போயிற்று. அவர் அங்கே பிறந்து வளர்ந்தவர். விடியுமுன் வாவிக்கு வலையோடு போயிருந்தபடியால் அவர் பிழைத்தார். வீட்டில் இருந்த தாயார் பிழைக்கவில்லை. அந்நாளைப் பற்றி அவர் பேசி நாம் கேட்டதில்லை, மகளும் கேட்டதில்லை. அதன்பின் அவர் கடற்பக்கம் தொழிலுக்குப் போனதே இல்லை.

நாம் கணக்கிட்டு விடை சொன்னோம். அக்காலையின் ஒளி இருபத்தொரு ஆண்டுகளுக்கு மேலாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறது. தூரத்தால் அளந்தால், அது திருவோணம் இருக்கும் எல்லையைக் கடந்துவிட்டது. அபிஜித் இருக்கும் எல்லையை இன்னும் எட்டவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவில் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அது அழியவில்லை.

தந்தையார் அவ்விரு வெள்ளிகளையும் மாறி மாறிப் பார்த்தார். நீண்ட நேரத்துக்குப் பின், "அம்மா விடியக் காலமை முத்தம் கூட்டுவா. நான் தோணியத் தள்ளேக்க கூட்டிக்கொண்டு நிண்டவ" என்றார். அவ்வளவே. மகள் அவருடைய கையைப் பற்றிக்கொண்டாள். துடுப்பு மீண்டும் நீரிற் பட்ட ஓசையைத் தவிர, கரை சேரும்வரை வேறு பேச்சு இருக்கவில்லை.

பிள்ளை முதற் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டாள். புதியதைத் தீட்ட இரண்டு வாரம் பிடித்தது. அதனை நாம் கண்டபடி சொல்கிறோம். அட்டை முழுவதும் கருநீலம். மேற்பாதி வான், கீழ்ப்பாதி வாவி, இரண்டையும் பிரிக்கும் கோடு இல்லை. மேலே விண்மீன்கள் புள்ளிகளாக இருந்தன. கீழேயும் அவ்வாறே புள்ளிகளாக இருந்தன. நடுவிலே, ஒரு விரல் நகத்தின் அளவில், கரிய தோணி. அதற்குள் இருப்பவர் முகம் தெரியாது. தோணி என்று தெரியாதவர்களுக்கு அது ஒரு கரும்புள்ளி மாத்திரமே.

தந்தையார் தொழிலால் வந்து, கை கழுவி, படத்தை எட்ட நின்று பார்த்தார். நாமும் அங்கே இருந்தோம். தாயார் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சோற்றுப் பேச்சை எதிர்பார்த்தோம். அவரோ கீழ்ப்பாதியைச் சுட்டிக் காட்டினார்.

"தண்ணியில வெள்ளி புள்ளியா நிக்காது மகள். எவ்வளவு காத்தில்லாட்டியும் ஒரு ஆட்டம் இருக்கும். நீட்டிக் கீறு."

வாழ்நாளெல்லாம் இரவில் அந்நீரைப் பார்த்த ஒருவரன்றி வேறு யாரும் சொல்ல முடியாத திருத்தம் அது. அவள் அன்றிரவே தூரிகையை எடுத்து, கீழேயுள்ள ஒவ்வொரு மீனையும் மெல்லிய கீற்றாக இழுத்தாள். அப்பொழுது வாவி அசைந்தது. எமது கண்ணுக்கு அவை நீந்துவன போலவே தோன்றின. 'மீன்' என்ற சொல்லின் இரண்டு பொருளும் அந்தப் படத்தில் ஒன்றாய்ச் சேர்ந்தன.

இன்னும் ஒன்று உண்டு. படத்தின் மேற்பகுதியில், திருவோணத்துக்கும் அபிஜித்துக்கும் இடையிலே, உண்மை வானத்தில் விண்மீன் எதுவும் குறிக்கத் தேவையில்லாத ஓரிடத்திலே, கடுகளவில் ஒரு மஞ்சட் புள்ளி இருக்கிறது. கூர்ந்து நோக்கினாலன்றித் தென்படாது. வானியல் அறிந்தவர் அதனைப் பிழை என்பர். அந்த ஒளி இருப்பது அத்திசையில் அன்று, அத்தூரத்தில் என்பதை அப்பிள்ளையும் அறிவாள். ஆயினும் படத்தில் தூரத்தைக் காட்ட அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. தன் தந்தையின் தாயாரை அவள் கண்டதில்லை. அவ்வன்னையின் நிழற்படம் ஒன்றேனும் அவ்வீட்டில் இல்லை. இருந்தவற்றை அலை கொண்டுபோயிற்று. இன்று அவ்வீட்டில் அவருக்கு உள்ள ஒரே படம் அந்தக் கடுகளவு மஞ்சள்தான்.

துயருற்ற உள்ளம் சொல்லால் ஆற்றமாட்டாததை வர்ணத்தால் ஆற்றும் என்பது எம்மூருக்குப் புதிய செய்தியன்று. 1996 இல் மட்டக்களப்பிலே, இயேசு சபைத் துறவியான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். போரால் நொந்த தமிழ், முஸ்லிம் சிறார்கள் அங்கே ஒன்றாகக் கூடி, படம் வரைந்தும் மண் பிசைந்தும் கதை சொல்லியும் தம்மை மீட்டுக்கொண்டனர். வாய் மூடியிருந்த பிள்ளைகளின் கைகள் முதலிற் பேசத் தொடங்கின.

அறிவியலா, கலையா என்ற வழக்குக்கும் எம்மண்ணிலேயே விடை உண்டு. 1892 இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி; விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். அவரே பழந்தமிழ் இசையைக் கணிதத்தால் ஆராய்ந்து, 1947 இல் வெளிவந்த யாழ் நூலை ஆக்கினார். இவ்வாவியின் இசையும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஒரு கையில் எண்ணும் மறு கையில் பண்ணும் ஏந்துவதற்கு அவருக்குத் தடை இருக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக, இன்று கல்லடியிலேயே இருக்கிறது. ஓவியம் பயில விரும்பும் பிள்ளை ஊர் விட்டுப் போகவேண்டியதில்லை. எமது பக்கத்து வளவுப் பிள்ளையும், ஒளியாண்டைக் கணக்கிடத் தெரியாதிருந்தால் அந்த மஞ்சட் புள்ளியை வைத்திருக்க மாட்டாள். வர்ணம் குழைக்கத் தெரியாதிருந்தால் கணக்கு வெறும் கணக்காகவே இருந்திருக்கும்.

அவள் உயர்தரத்தில் எதனைக் கற்பாள் என்பது இதனை எழுதும்வரை முடிவாகவில்லை. "ரிசல்ட் வரட்டும்" என்கிறார் தந்தையார். ஆனால் சென்ற மாதம் நகரத்துக்கு மீன் கொண்டுபோனவர், திரும்பி வரும்போது இரண்டு பிறிஸ்டல் அட்டையும் ஒரு நீலப் புட்டியும் வாங்கி வந்தார் என்று தாயார் எம்மிடம் கூறினார். அவ்வீட்டின் வழக்கு எப்பக்கம் சாய்கிறது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதனை வாசிக்கும் குடும்பத்தாருக்கு எமது வேண்டுகோள் ஒன்று. நிலவற்ற ஓர் இரவில், அரைமணி நேரம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு முற்றத்திற்கு வாருங்கள். பதினேழு வயதுப் பிள்ளை இருந்தால் திருவோணத்தைக் காட்டுங்கள். அவன் பிறந்த காலத்து ஒளி அது. இருபத்தைந்து வயதினருக்கு அபிஜித். முப்பத்தேழு வயதினருக்குச் சுவாதி. அறுபத்தைந்தைத் தொட்ட எம்போன்றோருக்கு, மார்கழி, தை மாதங்களில் உச்சியில் நிற்கும் செந்நிற ரோகிணி. யூரி ககாரின் முதன்முதலாக விண்ணிற் சென்ற 1961 ஆம் ஆண்டை ஒட்டிப் புறப்பட்ட ஒளி. அவ்வாண்டிலே வீடு எப்படி இருந்தது, யார் யார் இருந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும், மூத்தோர் சொல்லட்டும். நெடுநாள் அடைபட்டிருந்த பேச்சு அங்கே திறக்கக்கூடும்.

மாணவர்களே, பிறகு நீங்கள் படம் வரையுங்கள். சனிக்கோளின் வளையத்தையும் வரையுங்கள், அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் நின்று பார்த்த இடத்தைப் படத்தில் எங்கேனும் ஒரு புள்ளியாக வையுங்கள். அது தோணியாக இருக்கலாம், கிணற்றடியாக இருக்கலாம், பாட்டி கூட்டிய முற்றமாக இருக்கலாம். வேறு எவராலும் இட முடியாத புள்ளி அது.